டக் டக் டக்: மாருதி 800-க்கு வீட்டுலயே ஆக்சில் மாத்துன கதை

போன மாசம் கொல்லிமலை போயிருந்தோம்ங்க. நான், வீட்டுக்காரம்மா, பையன், பின் சீட்டுல எங்கப்பா. வண்டி எங்க 2003 மாடல் மாருதி 800. டிஎன் 28, வெள்ளைக் கலர். அப்பா வாங்குனது, இப்ப நான் ஓட்டுறேன்.

காரவள்ளி அடிவாரம் தாண்டுனதும் வளைவு ஆரம்பிச்சுடும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும். பையன் சத்தமா எண்ணிக்கிட்டே வந்தான்.

ஏழாவது வளைவோ எட்டாவதோ. வண்டிய வலது பக்கம் ஒடிச்சப்ப முன்னாடி இருந்து ஒரு சத்தம்.

டக். டக். டக். டக்.

நேரா வந்ததும் நின்னு போச்சு. அடுத்த வளைவு இடது பக்கம். ஒண்ணுமில்ல. அதுக்கு அடுத்தது வலது. மறுபடி டக் டக் டக்.

"அப்பா, காரும் நம்மகூட எண்ணுதுப்பா"ன்னான் பையன்.

அவன் சிரிச்சான், எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. வண்டியில வயசான மனுசன், ஒரு பக்கம் பள்ளம். மெதுவா ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கை அருவிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காம, ஏறுனதைவிட மெதுவா இறங்கி வீடு வந்து சேந்தோம். (அருவிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னு பையனுக்கு இன்னும் கோவம் தீரல.)

ஆனா அந்த மலை ஒரு உதவி செஞ்சுது. ஏறவும் இறங்கவும் சேத்து 140 தடவை வண்டிய முழுசா ஒடிச்சுப் பாத்தாச்சு. வலது பக்கம் திரும்புனா மட்டும் சத்தம். இடது பக்கம் திரும்புனா அமைதி. வேகம் கூடுனா டக் டக்கும் கூடுது. இந்த மூணு விசயமும் மனசுல பதிஞ்சு போச்சு.

மறுநாள் டவுன்ல ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். அங்க ஒருத்தரு ஓட்டிப் பாத்தாரு. ரெண்டு நிமிசம்கூட ஆகல. "கியர் பாக்ஸ் இறக்கணுங்க"ன்னுட்டாரு.

"ஏங்க, கியர் பாக்ஸ்ல கோளாறுன்னா நேராப் போறப்பவும் கேக்கணுமில்லீங்களா? இது திரும்பறப்ப மட்டும்தானுங்க கேக்குது?"

"பழைய வண்டிங்க. பிரிச்சாத்தான் தெரியும்."

அவரு சொன்ன தொகை எங்க வண்டி இன்னைக்கு என்ன விலைக்குப் போகுமோ அதுல பாதி. எனக்கு வந்த எரிச்சல் தொகையால இல்லீங்க. குனிஞ்சு அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு தடவை பாக்கக்கூட இல்ல, அதால. சாவிய வாங்கிட்டு வந்துட்டேன்.

எங்க ஊரு புதுச்சத்திரம் பக்கம். சேலம்-நாமக்கல் பெரிய ரோட்டுல லாரிச் சத்தம் கேட்டுக்கிட்டே வளந்தவங்க நாங்க. நாமக்கல்னா ஊருக்கே லாரிதான். பாடி கட்டுறது, டிரெய்லர், கேஸ் டேங்கர். அந்தப் பக்கம் திருச்செங்கோடு போனா போர் போடுற ரிக் வண்டி. தெருவுக்கு ஒருத்தராவது டிரைவரோ கிளீனரோ பட்டறைக்காரரோ இருப்பாரு. எங்க தெருவுலயும் ஒரு மேஸ்திரி இருக்காரு. லாரிப் பட்டறையில காலம் முழுக்க வேலை பாத்து, இப்ப முட்டி வலியோட திண்ணையில உக்காந்திருக்கிறவரு.

அவரு கிட்டப் போயி நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிட்டுக் கேட்டாரு.

"ஏன் கண்ணு, லாரிக்குக் கிராஸ் போனா என்ன சத்தம் வரும்?"

"கெளம்பறப்ப 'டங்'குனு ஒண்ணு வருமுங்க."

"உன்ற வண்டி எப்பக் கத்துது?"

"ஒடிச்சாத்தானுங்க."

"அப்பறமென்ன. அதுக்கு ஜாயிண்டு சக்கரத்துக்குள்ளயே இருக்குது. வலது பக்கம் திரும்பறப்ப பாரமெல்லாம் இடது சக்கரத்து மேல. போயி இடது சக்கரத்துக்குப் பின்னாடி கையை விட்டுப் பாரு."

ஓடியாந்து ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுட்டுப் படுத்துப் பாத்தேன். சக்கரத்தோட உள்பக்கமெல்லாம் கறுப்பா கிரீஸ் தெறிச்சு, அதுமேல செம்மண்ணு ஒட்டிக் காஞ்சு போயிருக்குது. ஆக்சில் முனையில மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும், பூட்டுன்னு சொல்லுவாங்க. அது ஒரு மடிப்புல சுத்தியும் கிழிஞ்சு வாயத் திறந்துட்டிருந்துச்சு. உள்ள விரல விட்டேன். நறநறன்னு மண்ணு.

அவ்வளவுதாங்க நோய். கியர் பாக்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பேசணும். எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அவசரம்னா தாண்டிப் போங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.

லாரியில இன்ஜின் முன்னாடி, இழுக்குறது பின் சக்கரம். நடுவுல நீளமா ஓடுறது புரோப்பல்லர் சாஃப்ட். அதுல மடங்குற இடத்துலதான் கிராஸ். கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, நாலு முனையிலயும் பேரிங். நம்ம அம்பாசிடர், பத்மினி எல்லாத்துலயும் இதேதான். ராபர்ட் ஹூக்னு ஒரு இங்கிலீஷ்கார விஞ்ஞானி 17-ஆம் நூற்றாண்டுலயே இதைப் பத்தி எழுதிட்டாரு. அவ்வளவு பழசு.

கிராஸுக்கு ஒரு குணம் இருக்குது. மடங்குன நிலைமையில சுத்துனா, இந்தப் பக்கம் ஒரே சீராச் சுத்துனாலும் அந்தப் பக்கம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். மடிப்பு கூடக்கூட அந்த உலுக்கலும் கூடும். லாரியில ரெண்டு கிராஸை எதிரெதிரா வச்சு ஒண்ணோட ஏத்த இறக்கத்தை இன்னொண்ணு சரிக்கட்டுற மாதிரி பண்ணியிருப்பாங்க. சாஃப்ட்டைக் கழட்டி மாட்டுறப்ப அம்புக்குறி ரெண்டையும் நேர் நேரா வைக்கணும்னு மேஸ்திரிங்க அடிச்சுச் சொல்றது இதுக்குத்தான். அம்புக்குறி மாறுனா வண்டி அதிரும்.

இப்ப முன் சக்கரத்துக்கு வாங்க. அது இழுக்கவும் வேணும், திரும்பவும் வேணும், பள்ளம் மேட்டுல ஏறி இறங்கவும் வேணும். அங்க ஒத்தைக் கிராஸைப் போட்டா, ஒடிக்கிறப்பெல்லாம் ஸ்டியரிங் கையில உதறும். இதுக்குத்தான் ஃபோர்டு கம்பெனியில இன்ஜினியரா இருந்த ஆல்பிரட் ஹான்ஸ் செப்பாங்கறவரு 1920-கள்ல ஒரு ஜாயிண்ட்டைக் கண்டுபிடிச்சாரு. ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு உருண்டை. ரெண்டுலயும் ஆறு ஆறு பள்ளக் கோடு. நடுவுல ஒரு கூண்டுல ஆறு குண்டு. நீங்க எந்தக் கோணத்துல மடக்குனாலும் அந்த ஆறு குண்டும் சரியா பாதிக் கோணத்துல போயி உக்காந்துக்கும். அதனால ரெண்டு பக்கமும் ஒரே வேகம். உலுக்கலே கிடையாது. 1959-ல வந்த மினி கார் இந்த ஜாயிண்ட்டை வச்சுத்தான் முன் சக்கரத்துல இழுத்துது. நம்ம ஊருல வீட்டுக்கு வீடு அதைக் கொண்டாந்து சேத்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி கையால முதல் சாவி குடுத்தாங்க. 2014 ஜனவரியில தயாரிப்ப நிறுத்துனாங்க. இந்த 30 வருசமும் ஓடுன ஒவ்வொரு 800-லயும் இந்தக் குண்டுங்க சுத்துச்சு.

அந்தக் குண்டுங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. கிரீஸு உள்ள இருக்கணும். மண்ணு வெளிய இருக்கணும். ரெண்டையும் பாத்துக்குறது அந்த ரப்பர் பூட்டு ஒண்ணுதான். அது கிழிஞ்சா, சுத்துற வேகத்துல கிரீஸு பூரா வெளிய தெறிச்சுடும். அப்புறம் நம்ம ஊரு செம்மண்ணு உள்ள போயி அரைக்கும். குண்டு ஓடுற கோட்டுல குழி விழும். வண்டிய ஒடிக்கிறப்ப குண்டு அந்தக் குழிய ஏறித் தாண்டுது பாருங்க, அதுதான் டக்.

எங்க வண்டி பூட்டு எப்படிக் கிழிஞ்சுதுன்னு யோசிச்சுப் பாத்தேன். போன வருசம் மரவள்ளி வெட்டுனப்ப காட்டுத் தடத்துலயே ஓட்டிட்டுத் திரிஞ்சோம். தடமெல்லாம் வெட்டிப் போட்ட குச்சி. ஒண்ணு குத்தியிருக்கலாம். இல்ல 20 வருச ரப்பரு, தானாவும் வெடிச்சிருக்கலாம். எதுவா இருந்தாலும் கிழிஞ்ச அன்னைக்கே பாத்திருந்தா ஒரு பூட்டும் கிரீஸும் போதும். சில நூறு ரூவாயில முடிஞ்சிருக்கும். பாக்காம விட்டதுக்கு முழு ஆக்சில் வாங்க வேண்டியதாப் போச்சு.

நாமக்கல்லுல லாரிக்கு எந்தச் சாமான் கேட்டாலும் கிடைக்கும். பழைய மாருதிக்கு நான் சேலம் போனேன். கடைக்காரரு மூணு கேள்வி கேட்டாரு. எந்த வருசம், கார்புரேட்டர் மாடலா எம்பிஎஃப்ஐ மாடலா, இடதா வலதா. (இடதும் வலதும் ஒரே நீளம் இல்லீங்க. மாத்தி வாங்கிட்டு வந்தா இன்னொரு நடை.) வெளி ஜாயிண்ட் மட்டும் தனியா வாங்கலாம், முழு ஆக்சிலாவும் வாங்கலாம். உள் பக்கத்து ஜாயிண்ட்டையும் கையால ஆட்டிப் பாத்தப்ப ஆட்டம் தெரிஞ்சுது, அதனால முழுசாவே வாங்கிட்டேன். காயிலாங்கடையில பழசு ஒண்ணு மலிவாக் கிடைக்குதுன்னு ஒருத்தரு சொன்னாரு. வேண்டாம்னுட்டேன். அதோட பூட்டு எத்தனை நாள் கிழிஞ்சு கிடந்துச்சோ, யாருக்குத் தெரியும்?

கூடவே கியர் பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல் ஒண்ணு, புது ஸ்பிளிட் பின், கியர் ஆயில். இது மூணையும் மறக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கு வேப்பமரத்தடியில வேலைய ஆரம்பிச்சேன். 10 மணிக்கு மேல இரும்பத் தொட முடியாதுங்க நம்ம வெயிலுக்கு.

முதல் தப்பு முதல் அஞ்சு நிமிசத்துலயே. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டிட்டு, அப்புறம் நடுவுல இருக்குற பெரிய ஆக்சில் நட்டைத் திருகுனேன். ஹப்பு சேந்து சுத்துது! அந்த நட்டு அவ்வளவு இறுக்கம். மறுபடி சக்கரத்தை மாட்டி, வண்டியக் கீழ இறக்கி, ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கி, வீட்டுக்காரம்மாவை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு, சாக்கெட்டுக் கம்பியில மேஸ்திரி குடுத்த நாலடி பைப்பை மாட்டி அழுத்துனேன். கிரீச்சுன்னு ஒரு சத்தம். இளகிருச்சு. வண்டி தரையில நிக்கிறப்பவே அந்த நட்டை இளக்கிடுங்க. கழட்ட வேண்டாம், இளக்குனாப் போதும்.

அப்புறம் பின் சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, முன்னாடி தூக்கி, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் வச்சேன். இதுல மட்டும் எங்கிட்ட சமரசம் கிடையாதுங்க. வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில தலையக் குடுக்காதீங்க. ஸ்டாண்ட் இல்லைன்னா இரவல் வாங்குங்க, கிடைக்கலைன்னா அன்னைக்கு வேலைய விட்டுடுங்க. மேஸ்திரியோட இடது கையில ரெண்டு விரல் கிடையாது. ஜாக்கி சரிஞ்சதுல போனது. இதைச் சொல்றதுக்காகவே அவரு திண்ணையில இருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாரு.

அடுத்து கியர் ஆயிலை வடிக்கணும். ஆக்சிலை உருவுனா அந்த ஓட்டை வழியா ஆயில் கொட்டும். வடிக்கிற ப்ளக்குல சாவிய வச்சேன். "நிறுத்து கண்ணு"ன்னாரு மேஸ்திரி. "முதல்ல மேல ஊத்துற ப்ளக்கு கழலுதான்னு பாரு. பூரா வடிச்சுட்டு, அப்பறம் மேல கழலலீன்னா எந்த வழியா ஊத்துவ?"

நாப்பது வருச அனுபவங்க அந்த ஒரு வாக்கியம். மேல் ப்ளக்கைத்தான் முதல்ல கழட்டுனேன்.

அடுத்தது கீழ் ஆர்மோட பால் ஜாயிண்ட். நக்கிள்ல (ஹப்பைத் தாங்குற இரும்பு) அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு துருப் பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. துரு இளக்குற எண்ணெய அடிச்சுட்டு உள்ள போயி டீ குடிச்சுட்டு வந்தேன். அப்பவும் அசையல. இன்னொரு தடவை அடிச்சுட்டு ரெண்டு இட்லி. மூணாவது தடவை கழண்டுது. (பதட்டத்துல பைப்பு போட்டு இழுத்திருந்தா போல்ட்டு தலையோட வந்திருக்கும். இந்த இடத்துல பொறுமையா இருந்தது ரொம்ப நல்லதாப் போச்சு.) கம்பியால ஆர்மைக் கீழ அழுத்துனதும் பால் ஜாயிண்ட் விடுபட்டு, நக்கிள் வெளிப்பக்கம் வந்துச்சு. அப்ப பிரேக் ஹோஸ் இழுபடாமப் பாத்துக்கோங்க. ஆக்சில் முனைய ஹப்புல இருந்து வெளிய தள்ளணும். சுத்தியால நேரா அடிச்சா மரை கெட்டுப் போகும். நட்டை முனையோட முனையா வச்சுக்கிட்டு, மேல மரக்கட்டை வச்சுத் தட்டுனேன். மூணு தட்டுல வந்துருச்சு.

இங்கதான் ரெண்டாவது தப்பு. ஆக்சிலோட நடுத்தண்டைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். ஏதோ கழண்டு வந்துச்சு. பாத்தா உள் ஜாயிண்ட் ரெண்டாப் பிரிஞ்சு, அதோட கிண்ணம் மட்டும் கியர் பாக்ஸ்லயே நிக்குது. தண்டை இழுக்கக் கூடாதுங்க. கியர் பாக்ஸுக்கும் ஜாயிண்ட்டுக்கும் நடுவுல நெம்புகோல வச்சு நெம்பணும். உள்ள ஒரு வளைய லாக்கு இருக்குது, அது நெம்புனாத்தான் விடும். நெம்புனேன், டக்குன்னு விட்டுச்சு. எப்படியும் தூக்கிப் போடப் போற பழைய ஆக்சில்ங்கறதால நட்டமில்ல. பூட்டு மட்டும் மாத்துறவங்க இந்தத் தப்பைச் செஞ்சா ரொம்ப நேரம் கஷ்டப்படுவீங்க.

பழைய சீலை எடுத்துட்டுப் புதுசை நேரா உக்கார வச்சேன். அதோட உதட்டுல கொஞ்சம் கியர் ஆயில் தடவிட்டு, புது ஆக்சிலைப் பல்லுக்குப் பல்லு பாத்து உள்ள விட்டேன். பல்லு சீலைக் கீறிடக் கூடாது, அதனால ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சு விடணும். பையன் டார்ச் அடிச்சான். ஒரு தள்ளு.

டக்.

இந்த டக்குக்காகத்தாங்க காத்துக்கிட்டு இருந்தேன். லாக்கு உக்காந்த சத்தம். ஜாயிண்ட்டையே பிடிச்சு லேசா இழுத்துப் பாத்தேன். வரல. (தண்டை இல்லீங்க, ஜாயிண்ட்டை! ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ண மாட்டேன்.)

மத்தது எல்லாம் கழட்டுனதுக்குத் தலைகீழ். ஹப்புல மாட்டி, பால் ஜாயிண்ட்டைப் பொருத்தி, போல்ட்டை இறுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியக் கீழ இறக்கி, பெரிய நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு சர்வீஸ் மேனுவல்ல சொல்லியிருக்குற அளவுக்கு இறுக்குனேன். பைப்பைப் போட்டு "கை அளவுக்கு" இறுக்குற பழக்கம் இந்த நட்டுக்கு ஆகாது. சக்கர பேரிங்கைச் சேத்துப் பிடிச்சிருக்கிறது இதுதான். குறைஞ்சாலும் பேரிங்குக்கு ஆபத்து, ரொம்பக் கூடுனாலும் ஆபத்து. அப்புறம் புது ஸ்பிளிட் பின். பழசை நிமித்தி மறுபடி போடாதீங்க. கடைசியா மேல் ப்ளக்கு ஓட்டை விளிம்பு வரைக்கும் புது கியர் ஆயில், வண்டி சமதளத்துல நிக்கிறப்ப.

மணி பாத்தா 1:30. தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலையா இருக்கும். எனக்கு ஏழரை மணி நேரம் ஆச்சு. இட்லி நேரத்தையும் சேத்து.

மேஸ்திரி முன் சீட்டுல ஏறிக்கிட்டாரு. வீட்டு முன்னாடி இருக்குற களத்துல ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் ஒடிச்சு, முதல் கியர்ல எட்டு சுத்து சுத்துனோம். ஜன்னல் கண்ணாடிய இறக்கிட்டு அவரு காதைக் குடுத்துக் கேட்டாரு. இடது பக்கமும் எட்டு சுத்து. கோழிங்கதான் சத்தம் போட்டுச்சு, வண்டி போடல.

"லாரியா இருந்தா நானே கழட்டியிருப்பேன் கண்ணு. இந்தக் குண்டு ஜாயிண்டை இன்னைக்குத்தான் கிட்ட இருந்து பாத்தேன்"னாரு இறங்குறப்ப. பழைய ஜாயிண்ட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. மண்ணெண்ணெய்ல கழுவி, திண்ணையில வச்சு, வர்றவங்ககிட்டயெல்லாம் அந்த ஆறு குண்டையும் குழியையும் காட்டிக்கிட்டு இருக்காருன்னு கேள்வி.

போன ஞாயிறு மறுபடி கொல்லிமலை போனோம். 70 வளைவும் பையன் ஒருத்தன் மட்டும்தான் எண்ணுனான். இந்தத் தடவை அருவிக்கும் போயிட்டு வந்தாச்சு.

முன் சக்கரம் இழுக்குற பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குக் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு வச்சுட்டு, இறங்கி, அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. அடுத்த பக்கமும் அதே மாதிரி. மொத்தமே ரெண்டு நிமிசந்தான். கறுப்பா கிரீஸ் தெறிச்சிருந்தா அன்னைக்கே பூட்டை மாத்திடுங்க. டக் டக் கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க.